மார்பில் கட்டிய கண்

சாம்பல் புதனுக்கு முந்தைய நான்கு நாள்கள் கோவாவில் கார்னிவல். சனிக்கிழமை பனாஜியில் மோமோ அரசன் தலைமையில் ஊர்வலம் புறப்படுகிறது. அலங்கார ஊர்திகளும் இசைக்குழுக்களும் நகர, சாலையின் இருபுறமும் கூட்டம் நெருக்குகிறது. இத்தகைய விழாவைப் பதிவு செய்யச் செல்லும் ஆய்வு மாணவருக்கு ஆக்‌ஷன் கேமரா இயல்பான தேர்வாகத் தோன்றும். முக்காலியில் நிற்கும் கேமரா வெளியாள், மார்பில் கட்டிய கேமரா உள்ளாள் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அந்நம்பிக்கை ஆய்வுக்கு உட்பட வேண்டிய ஒன்று.

முதலில், கருவி எதைக் காட்டுகிறது? இதன் அகன்ற கோண வில்லை அருகில் இருப்பதைப் பெரிதாக்கித் தொலைவில் இருப்பதைச் சுருக்குகிறது. தோளோடு தோள் உரசும் நெரிசல், படத்தில் இடைவெளி மிக்க கூட்டமாகிவிடுகிறது. அதிர்வைச் சமன்செய்யும் மென்பொருள் சட்டகத்தின் விளிம்புகளை வெட்டி, தள்ளுமுள்ளை வழுக்கிச் செல்லும் நகர்வாக மாற்றுகிறது. கூட்டத்தில் இருப்பது என்றால் தள்ளப்படுவது. அந்த அனுபவத்தையே கருவி ‘பிழை’ என்று கருதித் திருத்திவிடுகிறது.

அடுத்து, யாரைக் காட்டுகிறது? மார்பளவு உயரத்தில் இருக்கும் வில்லையின் முன் வருபவை பெரும்பாலும் குழந்தைகளின் முகங்களும் பெண்களின் உடல்களும். அணிந்திருப்பவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, கேமரா தன் போக்கில் பதிவு செய்கிறது. பதிவைச் சுட்டும் சிறு விளக்கையும் அணைத்துவிடலாம். தாம் படமாகிறோம் என்று அறியாதவர் மறுப்பது எங்ஙனம்?

பொதுவெளியில் ஆடுபவர் பார்க்கப்படவே ஆடுகிறார் என்று வாதிடுவோர் உண்டு. ஊர்தியின் மேல் நிற்பவருக்கு அது பொருந்தலாம். கீழே நெரிசலில் சிக்கி நிற்கும் பெண்ணுக்குப் பொருந்தாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வு நோக்கங்களுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கிறது. எனவே சட்டம் விட்ட இடத்தில் ஆய்வாளரின் அறம் தொடங்க வேண்டும்.

அந்த அறத்தை வெளியில் தேட வேண்டியதில்லை. கார்னிவலின் மரபிலேயே அது இருக்கிறது. கொங்கணியில் ‘இந்த்ரூஜ்’ எனப்படும் பழைய கொண்டாட்டத்தில் மாவும் சாயநீரும் வீசி விளையாடினர். வீசுபவர் மீதும் வீசப்படும். அதுவே விளையாட்டின் விதி. போர்த்துக்கீசியர் ஆட்சி 1961இல் முடிந்தபின், 1965இல் இன்றைய ஊர்வல வடிவம் பனாஜியில் உருப்பெற்றது. வீசி விளையாடியவர்களில் பலர் பார்வையாளர்களாயினர். கார்னிவல் என்பது மக்கள் பார்க்கும் காட்சியன்று, அவர்கள் வாழும் நிகழ்வு என்று மிகயில் பக்தின் வாதிட்டார். அவ்வகையில் மார்புக் கேமரா, உள்ளே நுழைந்த பின்னும் பார்வையாளராகவே இருக்க வழிசெய்கிறது. அது எல்லோரையும் பார்க்கிறது. தன்னைப் பார்க்க விடுவதில்லை.

கருவியை ஒதுக்கிவிட வேண்டும் என்பதன்று இதன் பொருள். லூசியன் காஸ்டேங்-டெய்லரும் வெரேனா பாரவேலும் 2012இல் வெளியிட்ட ‘லெவியதன்’ ஆவணப்படம், மீன்பிடிக் கப்பலின் அலைக்கழிப்பை இத்தகைய சிறு கேமராக்களால் பதிவு செய்தது. அங்கே ஆட்டமும் தடுமாற்றமும் திருத்தப்படவில்லை. அவையே படத்தின் பொருளாயின.

கார்னிவலுக்குச் செல்லும் ஆய்வாளரும் கேமராவை மார்பிலிருந்து கழற்றிக் கையில் உயர்த்திப் பிடிக்கலாம். பார்ப்பவர் முகம் திருப்பினால் வில்லையும் திரும்பட்டும். அதிர்வுச் சமன்பாட்டை அணைத்துவிட்டால் நெரிசல் நெரிசலாகவே பதிவாகும். அடையாளம் தெரியும் முகங்களை, இசைவு பெறாமல் வகுப்பறைத் திரையிலும் காட்டலாகாது. பதிவானதை ஆடியவர்களிடமே முதலில் போட்டுக் காட்ட வேண்டும். இதனால் தரவு குறையும். ஆனால் மாவு வீசப்படும் தெருவில் தன் சட்டை வெளுக்காமல் திரும்பி வந்தவர் எதைக் கண்டார் என்று கேட்கும் உரிமை, அந்தத் தெருவுக்கு உண்டு.