கீழாநெல்லியும் பழம்பெருமையும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வேலியோரமெல்லாம் கீழாநெல்லி மண்டிக் கிடக்கிறது. செங்கண்மாரி கண்டவருக்கு அதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் வீட்டு வழக்கம். வெறும் களையென்று நகைத்த படிப்பாளிகள் 1988இல் வாயடைத்துப் போயினர். சென்னையில் தியாகராசன் குழுவினர், நோபல் பரிசாளர் புளூம்பெர்க்குடன் சேர்ந்து, ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேரில் 22 பேரின் குருதியில் அதன் அடையாளம் மறைந்ததென 'லான்செட்' இதழில் அறிவித்தனர். நன்று. 1990இல் தாய்லாந்தில் நடந்த சோதனையிலோ அப்பலன் கிட்டவில்லை. பழம்பெருமை பேசும் அன்பர்கள் முதற் செய்தியை மேடைதோறும் முழங்குகின்றனர், இரண்டாவதை விழுங்கிவிடுகின்றனர். ஆராய்ச்சி என்பது நமக்குப் பிடித்த பாதி மட்டுந்தானா?

செங்கண்மாரி ஒரு நோயன்று. பல நோய்களின் அறிகுறி. ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே நீங்கும். புகழ் இலைக்குப் போகும். படுவான்கரை வயற்சேற்றில் நின்றவனின் கண் எலிக்காய்ச்சலாலும் மஞ்சளிக்கும். அது சிறுநீரகத்தைத் தாக்கிக் கொல்லவும் வல்லது. வேளைக்குக் கொடுத்த பெனிசிலின் காக்கும். நம் மாணவன் ஒருவனின் தந்தைக்குப் பரியாரியார் பத்தியம் விதித்து நான்கு நாள் வீட்டிலேயே கிடத்தினார். குருதியைச் சோதியுங்கள் என்ற நம்மை 'இங்கிலீசு மருந்தின் தரகர்' என்றார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாணவன் இப்போது பள்ளிக்கு வருவதில்லை. தந்தையின் வயலுக்குப் போகிறான்.