ஸ்டடி சென்டரில் முதல் தவணை கட்டும் முன்

ப்ரமோஷனுக்கு ஒரு டிகிரி தேவைப்படுது, வேலையை விடாமலே தொலைதூரக் கல்வியில முடிச்சிடலாம்னு யோசிக்கிறீங்களா? நல்ல யோசனைதான். ஆனா பஸ் ஸ்டாண்ட் எதிர்ல, மாடியில இருக்கிற சென்டர்ல ஜிபே பண்றதுக்கு முன்னாடி ஒரு வழக்கைத் தெரிஞ்சுக்கோங்க.

ஒடிசாவில் அரசு லிஃப்ட் இரிகேஷன் கழக ஊழியர் ஒருத்தர், தொலைதூர முறையில பொறியியல் பட்டம் வாங்கினார். அது செல்லுமான்னு வழக்கு. ஒடிசா உயர் நீதிமன்றம் செல்லும்னு சொன்னது. இதே மாதிரி பட்டங்கள் செல்லாதுன்னு பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. கடைசியில் 2017 நவம்பர் 3-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சிக்கினது 4 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அதுல ஒண்ணு நம்ம சேலம்.

2001 முதல் 2005 வரைக்கும் சேர்ந்தவங்க பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஏஐசிடிஇ நடத்துற தேர்வில் பாஸ் பண்ணினாதான் திரும்பக் கிடைக்கும். அதுக்கப்புறம் சேர்ந்தவங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, பட்டமே ரத்து. அதை வெச்சு வாங்கின ப்ரமோஷனும் போச்சு. ஏற்கெனவே வாங்கின சம்பளத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது, மாணவர்கள் கட்டின கட்டணத்தைப் பல்கலைக்கழகம் திருப்பித் தரணும்னு கோர்ட் சொன்னது கொஞ்சம் ஆறுதல். ஆனா அந்த ப்ரமோஷன் சம்பளத்தை நம்பி ஹோம் லோன் எடுத்தவரோட இஎம்ஐ குறையுமா?

எனக்கு இதுலதான் கோபம். அனுமதி யார் தரணும், எந்த எல்லைக்குள்ள சென்டர் நடத்தலாம்னு யுஜிசியும் பல்கலைக்கழகங்களும் வருஷக்கணக்கா கோர்ட்ல சண்டை போடுவாங்க. தோத்தா நஷ்டம் மட்டும் பணம் கட்டினவருக்கு. அனுமதி வழக்கில் இருக்கிற வரைக்கும் வாங்குற கட்டணத்தைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்கச் சொல்லணும். வீடு கட்டுற பில்டருக்கே ரெரா சட்டத்துல தனி வங்கிக் கணக்கு கட்டாயம். பட்டம் விக்கிறவருக்கு ஏன் இல்லை?

அந்தச் சட்டம் வர்ற வரைக்கும் உங்க வேலையை நீங்கதான் பார்க்கணும். யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்துல, பல்கலைக்கழகம் பேரை மட்டும் பார்த்துட்டு வராதீங்க. நீங்க சேர்ற அதே கோர்ஸ், அதே வருஷம், அதே பருவத்துக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க. பொறியியல், சட்டம் எல்லாம் இப்போ தொலைதூரத்துல அனுமதியே கிடையாது. வேற மாநிலப் பல்கலைக்கழகத்தோட "சென்டர்" நம்ம ஊர்ல இருந்தா உஷார்: மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைதூரப் படிப்பைத் தங்க மாநிலத்துக்குள்ளதான் நடத்தணும். ஆன்லைன் படிப்புக்கு இந்த எல்லை இல்லை, ஆனா அதுக்குத் தனி அனுமதி வேணும். ஃப்ரான்சைஸ் கொடுக்கிறதும் தடை. அதனால ரசீது சென்டர் பேர்ல வந்தா எழுந்து வந்துடுங்க.

இன்னொண்ணு: "80சி-ல கழிச்சுக்கலாம் சார்"னு சென்டர்ல சொல்வாங்க. கழிக்க முடியாது. அது உங்க பிள்ளைகளோட முழுநேரப் படிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான்.