எடையைக் குறைத்துவிட்டு வா!

உடல் பருத்தவருக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சையா? ரோபோ இருக்கிறது, அஞ்ச வேண்டாம். தனியார் மருத்துவமனை விளம்பரங்களின் தொனி இன்று இதுதான். வசதி படைத்தோர் அதை நாடிச் செல்லட்டும். அந்த விளம்பரங்கள் சொல்லாமல் விடுவதைச் சொல்வது பத்திரிகைக்காரனின் கடமை.

பரவலாகப் புழங்கும் ரோபோக்கள் தாமாக எலும்பை அறுப்பதில்லை. வெட்டும் கருவி திட்டமிட்ட எல்லையைத் தாண்டாதபடி அவை காக்கின்றன. கருவியைப் பிடித்திருப்பவர் சத்திரசிகிச்சை நிபுணரே. கொழுப்புத் தடித்த காலில் எலும்பின் அடையாளங்களைக் கையால் உணர்வது கடினம். அங்கே ரோபோ உதவும் என்பது நியாயமான வாதம். ஆனால் பருத்தவர்களைப் பெரிதும் அச்சுறுத்துவன கிருமித்தொற்றும் ஆறாத காயமுமே. வெட்டின் துல்லியம் அவற்றைத் தீர்த்துவிடாது. 2020இல் வெளியான கொரிய ஆய்வொன்று, நோயாளரைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தும், ரோபோ முறைக்கும் வழமையான முறைக்கும் பலனில் வேறுபாடு காணவில்லை. அது பழைய தலைமுறைக் கருவி என்பார்கள். உண்மைதான். புதியவை சந்தைக்கு வந்தே ஏறத்தாழப் பத்தாண்டுதானே ஆகிறது!

இனிப் பெரகலவுக்கு வருவோம். கொழும்பு–மட்டக்களப்பு வீதியிலிருந்து அப்புத்தளை, பதுளைப் பாதை பிரியும் சந்தி அது. சுற்றிலும் செங்குத்தான தேயிலை மலைகள். தோட்டத்துப் பெண் என்றால் மெலிந்தவள் என்பது சுற்றுலா அட்டைப் படம் நமக்குக் கற்பித்த பொய். முப்பது ஆண்டுகள் கொழுந்துச் சுமையோடு ஏறி இறங்கிய முழங்கால் தேய்கிறது. வேலையிலிருந்து நின்றதும் நடை குறைகிறது. கோதுமை மா ரொட்டியும் சீனித் தேநீரும் தொடர்கின்றன. எடை கூடுகிறது, கூடிய எடை முழங்காலை மேலும் தேய்க்கிறது.

அவளிடம் மருத்துவம் சொல்வதென்ன? எடையைக் குறைத்துவிட்டு வா! நடக்க இயலாதவளிடம் நடந்து மெலியச் சொல்வது சிகிச்சையா, கதவடைப்பா? எந்த வைத்தியசாலையையும் சுட்டி நான் இதைச் சொல்லவில்லை. உலகெங்கும் உள்ள போக்கு இது. உடற்திணிவுச் சுட்டி 40ஐத் தாண்டினால் சத்திரசிகிச்சையைத் தள்ளிவைப்பது பற்றி யோசிக்கலாம் என 2013இல் அமெரிக்க நிபுணர் குழு பரிந்துரைத்தது. இங்கிலாந்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டியோ, பருமனைக் காரணங்காட்டி எவரையும் மூட்டுமாற்றுப் பரிந்துரையிலிருந்து விலக்கக் கூடாது என்றது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது நீதியே.

எடை முக்கியமில்லை என்று நான் வாதிடவில்லை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு காட்டியது. அப்படியானால் அந்த ஒரு கிலோவைக் குறைக்க அவளுக்கு உதவுங்கள். இயன்மருத்துவரும் உணவு ஆலோசகரும் தோட்ட மருந்தகத்துக்கு மாதமொரு முறையேனும் வரட்டும். குறையாவிட்டாலும் அவளது பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கட்டும்.

இந்தியா 2017இல் சாதாரண முழங்கால் உள்வைப்பின் உச்ச விலையை 54,720 ரூபாயாகக் கட்டுப்படுத்தியது. எளியவருக்கு அந்த ஓர் அரசாணை செய்த நன்மையை இன்றுவரை எந்த ரோபோவும் செய்யவில்லை.