பதற்றத்துக்கு மாணவர் மட்டுமா பொறுப்பு?

கல்லூரிகளில் இப்போது ‘உணர்வுசார் நுண்ணறிவு’ பயிலரங்குகளுக்குப் பஞ்சமில்லை. செமினார் ஹாலில் ஒரு மதியம், மூச்சுப் பயிற்சி, கைதட்டல், முடிவில் சான்றிதழ். வெளியே அறிவிப்புப் பலகையில், வருகைப் பதிவு குறைந்து தேர்வெழுதும் தகுதி இழந்தவர்களின் பட்டியல் பெயரும் பதிவெண்ணுமாகத் தொங்கும். இரண்டும் ஒரே நிர்வாகத்தின் ஏற்பாடுதான். பதற்றத்தை அடக்கிக்கொள்ள வேண்டிய பொறுப்பு மட்டும் மாணவருடையது.

உணர்வுசார் நுண்ணறிவு வெற்றுச் சொல் அல்ல. பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990-இல் அதை, தம் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து கையாளும் திறனாக வரையறுத்தார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான கட்டுரை, அத்திறன் கூடியவர்கள் படிப்பிலும் ஓரளவு மேம்பட்டிருப்பதாகக் காட்டியது. ஆனால், பதற்றத்தை அடக்கும் சுயக்கட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது? மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்று குழந்தைகளைச் சோதித்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு, அந்தக் காத்திருப்பை மன உறுதியின் அளவுகோலாகவே பிரபலமாக்கிவிட்டது. பின்னர் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 குழந்தைகளிடம் அதையே வேறு விதமாகச் செய்தார்கள். சோதனைக்கு முன், பாதிப் பேரிடம் நல்ல வண்ணப் பொருள்கள் தருவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்; மற்றவர்களிடம் சொன்னபடி கொடுத்தார்கள். ஏமாந்த குழந்தைகள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாறாதவர்கள் 12 நிமிடம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் பெரியவர்கள் சொல் தவறினால் பிள்ளைகளின் பொறுமை கரையும் என்பது அதில் தெரிகிறது.

நம் கல்வி நிலையங்கள் எவ்வளவு சொல் தவறாதவை? தேர்வு அட்டவணை கடைசி வாரத்தில் மாறுகிறது. இன்டர்னல் மார்க் ஏன் குறைந்தது என்று கேட்டால் பதில் இல்லை. மறுமதிப்பீட்டு முடிவு வருமுன்பே அரியர் தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசித் தேதி வந்துவிடுகிறது. அரியர் என்றால் என்னவென்று விளக்க வீட்டில் யாருமில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்தக் குழப்பம் இரட்டைச் சுமை.

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை, வேலைக்குப் போனால் மேலாளர் சலுகை தருவாரா?’ என்பார்கள். நாம் கேட்பது சலுகையே அல்ல. வருகைப் பதிவு விதி இருக்கட்டும், தேர்வு கடினமாகவும் இருக்கட்டும். அறிவித்த தேதி மாறாமல் இருந்தால் போதும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் நாடு முழுவதும் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்த இந்த எண்ணிக்கைக்குக் காரணங்கள் பல. அத்தனையையும் மனத்திடக் குறைவு என்ற ஒரே பெட்டிக்குள் அடைப்பது சோம்பேறித்தனம்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியருக்கே ஆலோசகர் பணியைக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தால் எந்த மாணவர் அந்த அறைக் கதவைத் தட்டுவார்? ஆலோசகரின் பெயர், தகுதி, அவர் அறையில் இருக்கும் நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட வேண்டும் என்று உயர்கல்வித் துறை அடுத்த பருவம் தொடங்குமுன் உத்தரவிடட்டும். அந்தத் தாளும் அதே அறிவிப்புப் பலகையில் தொங்கட்டும்.