நியூயார்க் எந்தப் பக்கம் இருக்கிறது?

சென்னையில் ஒரு மொட்டை மாடியில் நிற்கிறீர்கள். "அமெரிக்காவில் இருக்கும் நியூயார்க் எந்தப் பக்கம்? கையை நீட்டிக் காட்டுங்கள்" என்று ஒருவர் கேட்கிறார்.

நீங்கள் எந்தப் பக்கம் காட்டுவீர்கள்? மேற்கே காட்டுவீர்கள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய உலகப் படம் ஞாபகம் வரும். அதில் அமெரிக்கா மேற்கே, இடது ஓரத்தில் அல்லவா இருக்கிறது?

ஆனால் அது சரியல்ல. நியூயார்க்குக்கு நேர் வழி ஏறக்குறைய வடக்கே போகிறது! வடக்கைப் பார்த்து நின்று, இடது பக்கம் 23 டிகிரி திரும்பினால் போதும்.

இன்னொரு வேடிக்கை. அதே அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ என்ற நகரம் இருக்கிறது. அதற்கு வடக்கிலிருந்து வலது பக்கம் 22 டிகிரி திரும்ப வேண்டும். நாடு ஒன்றுதான். ஒரு நகரம் இடது பக்கம், இன்னொன்று வலது பக்கம்!

காரணம் என்ன?

பூமி உருண்டை. சுவர்ப் படமோ தட்டை. உருண்டையை விரித்துத் தட்டையாக்கும்போது திசையும் தூரமும் மாறிப் போகின்றன.

ஒரு பூகோள உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நூலின் ஒரு நுனியை வையுங்கள். மறு நுனியை நியூயார்க்கில் வைத்து, நூலை இறுக்கி இழுங்கள். நூல் கஜகஸ்தான், ரஷ்யா, சுவீடன், நார்வே, கிரீன்லாந்து என்று வடக்கே ஏறி, பிறகு இறங்கி நியூயார்க் சேரும். இதுதான் குறுக்கு வழி. இதன் தூரம் சுமார் 13,470 கிலோ மீட்டர். சுவர்ப் படத்தில் கோடு போட்டு அந்த வழியே போனால், தூரம் 15 ஆயிரம் கிலோ மீட்டரைத் தாண்டிவிடும்.

இது யாருக்குத் தேவை?

ஹாம் ரேடியோக்காரர்களுக்குத் தேவை. இவர்கள் மத்திய அரசின் பரீட்சையில் தேறி, லைசென்சு பெற்று, வீட்டிலிருந்தபடியே ரேடியோ மூலம் வெளிநாட்டாருடன் பேசுகிறவர்கள். பணத்துக்காக அல்ல, ஆர்வத்துக்காக.

இவர்களில் பலர் மாடியில் ஒரு பெரிய ஏரியல் வைத்திருப்பார்கள். பழைய டெலிவிஷன் ஏரியல் போல, குறுக்குக் கம்பிகள் பூட்டியிருக்கும். இதற்கு 'யாகி' ஏரியல் என்று பெயர். 1926-ல் ஜப்பானில் உடா, யாகி என்ற இரண்டு அறிஞர்கள் இதை உலகுக்கு அறிவித்தார்கள். டார்ச் விளக்கு வெளிச்சத்தை ஒரு பக்கமாக வீசுகிறது அல்லவா? அதுபோல் இந்த ஏரியல் ரேடியோ அலைகளை ஒரு பக்கமாக வீசும். ஆகவே அதைச் சரியான பக்கம் திருப்ப வேண்டும்.

சுவர்ப் படத்தை நம்பி மேற்கே திருப்பினால்? நியூயார்க்கில் இருப்பவர் காதில் குரல் தேய்ந்து போகும். விழாமலே போனாலும் ஆச்சரியம் இல்லை.

கம்ப்யூட்டர் செய்யும் உதவி

முன்பெல்லாம் இந்தக் கணக்கைப் போட லாகரிதம் அட்டவணையும் பொறுமையும் வேண்டும். இப்போது கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் இதற்கென்று சாப்ட்வேர் இருக்கிறது. நம் ஊரின் அட்ச ரேகை, தீர்க்க ரேகையையும், அந்த ஊரின் ரேகைகளையும் கொடுத்தால் போதும். கண் மூடித் திறப்பதற்குள் "திசை 337 டிகிரி, தூரம் 13,470 கிலோ மீட்டர்" என்று விடை வந்துவிடும். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. 337 என்றால் வடக்குக்குச் சற்று முன்னே.

இது பெரிய வசதி. இதை வேண்டாம் என்று சொல்வது அறிவுடைமை ஆகாது. ஆனால், "விடையைத்தான் மெஷின் சொல்லிவிடுகிறதே! நமக்கு எதற்கு அந்த நூலும் உருண்டையும்?" என்று சிலர் கேட்கிறார்கள். இதை ஒப்புக்கொள்ள முடியாது.

ஒரு சின்னப் பிழை

நியூயார்க்கின் தீர்க்க ரேகை மேற்கு 74 டிகிரி. அவசரத்தில் ஒருவர் 'மேற்கு' என்பதற்குப் பதில் 'கிழக்கு' என்று போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்ட்வேர் கோபிக்காது. "ஐயா, தப்பு" என்றும் சொல்லாது. தூரம் சுமார் 3,130 கிலோ மீட்டர் என்று சொல்லும். நியூயார்க் நகரம் மத்திய ஆசியாவில் உள்ள கிர்கிஸ்தானில் போய் உட்கார்ந்துவிடும்!

ஒரு தடவையாவது உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தவர் இதைக் கண்டதும் சிரிப்பார். "அமெரிக்கா இவ்வளவு பக்கத்திலா?" என்று பிழையைத் தேடுவார். மெஷினை மட்டும் நம்புகிறவர் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்வார்.

இன்னொரு விஷயம். சில சாப்ட்வேர்கள் 337.4 என்று புள்ளி வைத்துச் சொல்லும். அந்தப் புள்ளியைக் கண்டு மயங்க வேண்டாம். மூன்று கம்பி யாகி ஏரியல் ஏறக்குறைய 60 டிகிரி அகலத்துக்கு அலையை வீசும். ஐந்து டிகிரி பிசகினால் குடி முழுகாது. ஐம்பது டிகிரி பிசகினால்தான் ஆபத்து. எந்தப் பிழை சிறிது, எந்தப் பிழை பெரிது என்பதை மெஷின் சொல்லாது. மனிதன்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆபத்து வேளையில்

இது வெறும் பொழுதுபோக்குதானே என்று நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. அந்தமானில் டெலிபோன் தொடர்பு அறுந்தது. அப்போது ஹாம் ரேடியோ நிகழ்ச்சிக்காகப் போர்ட்பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவரது குழுவினரும் ரேடியோ மூலம் செய்தி அனுப்பினார்கள். "எங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறானா?" என்று தவித்த பல குடும்பங்களுக்கு அதன் மூலம் தகவல் கிடைத்தது.

அப்படிப்பட்ட நாளில் கரெண்டு இருக்காது. இன்டர்நெட் இருக்காது. செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். பாட்டரியில் ஓடும் ரேடியோ மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தில் சாப்ட்வேரைத் தேடிக்கொண்டு இருக்க முடியுமா?

ஆகவே ஹாம் ரேடியோ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்ட்வேரில் கணக்குப் போடுங்கள். விடையை உருண்டையில் சரி பாருங்கள். பிறகு முக்கியமான இருபது ஊர்களின் திசையையும் தூரத்தையும் ஒரு தாளில் எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டி வையுங்கள். போர்ட்பிளேர் 95 டிகிரி, 1,360 கிலோ மீட்டர் என்று சென்னைக்காரர்கள் முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு ஒரு சின்னப் பூகோள உருண்டை வாங்குங்கள். குழந்தையின் கையில் ஒரு முழ நூலைக் கொடுங்கள். நியூயார்க்குக்கு வழி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். செல்போன் சொல்லும் விடையைச் சரியா, தப்பா என்று பார்க்கத் தெரிந்த பிள்ளையை யாரும் ஏமாற்ற முடியாது.