பாட்டியும் பேரனும் சேர்ந்து செல்லும் நகரம் வேண்டும்

தாராவியின் தையல் பட்டறைத் தொழிலாளி ஒருவர், தம் இரு குழந்தைகளையும் முழங்கால் வலியால் அவதிப்படும் தாயையும் பைகுலாவின் ராணி பாக் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எதைப் பார்க்கலாம் என்று யோசிப்பதற்கு முன்பே வேறு கேள்விகள் எழும். அன்றைய கூலி எவ்வளவு போகும்? சயான் நிலையத்தில் அம்மாவால் படியேற முடியுமா? வழியில் கழிப்பறை இருக்குமா? கணக்குப் போட்டு முடிக்கும் முன்பே, "நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று தாய் சொல்லிவிடுவார். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிய உரையாடல்தான்.

இதைக் குடும்ப விவகாரம் என்று நாமும் ஒதுக்கிவிடுகிறோம். கூலியும் குடியிருப்பும் ரேசனும் நம் கோரிக்கைப் பட்டியலில் உண்டு. உழைப்பவரின் ஓய்வு நாள் எப்படிக் கழிகிறது என்பதற்கு அதில் இடமில்லை. அந்த இடத்தை நாம் அளித்தாக வேண்டும்.

போராடிப் பெற்ற ஞாயிறு

வார விடுமுறை மும்பைத் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற உரிமை. ஜோதிராவ் புலேவின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் குரலெழுப்பிய பின்னரே, 1890 ஜூன் 10 அன்று ஞாயிறு விடுமுறையை ஆலை முதலாளிகள் ஏற்றனர். 135 ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில், தொழிற்சாலைகளில் அன்றாட வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 12 மணி வரை நீட்டிக்க மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கோ, குடும்பத்தோடு வெளியே செல்லும் நாள் என்பது கூலியில்லாத நாள்.

கட்டணமும் படிக்கட்டும்

கிடைக்கும் ஞாயிறும் முழுமையாகக் கிடைப்பதில்லை. புறநகர் ரயில் பாதைகளைப் பராமரிக்க 'மெகா பிளாக்' அறிவிக்கப்படுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். பராமரிப்பு தேவையே. ஆனால், அன்று போதிய மாற்றுப் பேருந்துகளை இயக்குவதும் அரசின் கடமையல்லவா?

புறநகர் ரயிலில் 5 ரூபாய்க்கும் பயணச்சீட்டு உண்டு. ஆனால், நடைமேம்பாலப் படிகளும், நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியும் முதியவரைத் தடுக்கின்றன. 2025-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மூன்றாம் மெட்ரோ தடத்தில் தாராவிக்கும் ஒரு நிலையம் உண்டு, மின்தூக்கியும் உண்டு. கட்டணமோ தூரத்துக்கேற்ப 10 ரூபாயிலிருந்து 70 ரூபாய் வரை. கட்டணம் கட்டுப்படியாகும் ரயிலில் ஏற முடியவில்லை. ஏற முடிந்த ரயிலின் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. செம்பூர் வழியே ஓடிய மோனோ ரயிலும் சீரமைப்புக்காக 2025 செப்டம்பர் 20 முதல் நிறுத்தப்பட்டது.

மேம்பாலம் ஏறாமல் தெருவிலிருந்தே ஏறக்கூடியது பெஸ்ட் பேருந்து. அதன் குறைந்தபட்சக் கட்டணம் 2025 மே 9 முதல் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்ந்தது. மூன்று பெரியவர்கள் போய்வர முன்பு 30 ரூபாய் போதும். இப்போது 60 ரூபாய் வேண்டும். ராணி பாக் நுழைவுக் கட்டணமும் இதே கதைதான். கணவன், மனைவி, இரு குழந்தைகளுக்கு 14 ரூபாயாக இருந்தது, 2017-இல் 100 ரூபாயாக்கப்பட்டது. நாட்டின் மிகப் பணக்கார மாநகராட்சி, ஏழையின் ஓய்வு நாளிலும் வருவாய் தேடுகிறது.

திறந்தவெளி யாருக்கு?

மும்பையில் ஒருவருக்குக் கிடைக்கும் திறந்தவெளி ஏறக்குறைய ஒன்றேகால் சதுர மீட்டர். ஒன்றிய அரசின் நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல் பரிந்துரைப்பது 10 முதல் 12 சதுர மீட்டர். மித்தி ஆற்றங்கரையில், தாராவியை ஒட்டிக் குப்பைமேடாகக் கிடந்த 37 ஏக்கர் நிலம் இயற்கைப் பூங்காவாகி 1994-இல் திறக்கப்பட்டது. மாட்டுங்காவில் குடியிருப்போர் விடாமல் வலியுறுத்தியதால், துல்புலே மேம்பாலத்தின் அடியில் 2016-இல் நடைபாதையுடன் தோட்டம் அமைந்தது. மனமிருந்தால் குப்பைமேடும் பூங்காவாகும்.

இன்றைய அரசு எதிர்த்திசையில் நடக்கிறது. அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்ட தாராவி மறுகட்டமைப்புத் திட்டத்துக்கு, தேவ்னார் குப்பைக் கிடங்கில் 124 ஏக்கர் ஒதுக்கப்பட்டுள்ளது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வோருக்கு மட்டுமே தாராவிக்குள் இலவச வீடு. மேல்தளத்தில் வாழ்வோருக்குத் தாராவிக்கு வெளியேதான் இடம். கீழே தாயும் மேலே மகனும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தால், பாட்டி ஓரிடத்திலும் பேரன் வேறிடத்திலும் வாழ நேரும். ஒரே ஏணியில் ஏறி இறங்கிய உறவு, பேருந்துக் கட்டணம் கொடுத்துப் பார்க்கும் உறவாகிவிடும். பேரனைத் தாயிடம் விட்டு வேலைக்குச் செல்லும் மருமகளின் வருவாயும் அதோடு போய்விடும். எல்லோருக்கும் தாராவிக்குள்ளேயே வீடு என்ற முழக்கத்தில் இந்த உறவைக் காக்கும் கோரிக்கையும் அடங்கியிருக்கிறது.

கிளைகள் செய்ய வேண்டியது

அணுகல் வசதி சலுகையாகக் கேட்க வேண்டியதல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைக் கடமையாக்கியுள்ளது. கட்டாயத் தரநிலைகளை வகுக்குமாறு 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. மாற்றுத்திறனாளிகள் தொடர்ந்து போராடியதால்தான் சென்னை மெரினாவின் மணற்பரப்பில் 2022-இல் நிரந்தரப் பாதை அமைந்தது.

நம் கிளைத் தோழர்கள் ஒரு ஞாயிறு முதியவர்களோடும் குழந்தைகளோடும் நடந்தே பார்க்கட்டும். வீட்டிலிருந்து நிலையம் வரை, நிலையத்திலிருந்து பூங்கா வரை எத்தனை படிகள், எங்கே அமர இடம், எந்தக் கழிப்பறையில் பெண்களிடம் மட்டும் காசு கேட்கிறார்கள் என்று குறித்து, அதையே வார்டு அலுவலகத்துக்கான மனுவாக்கலாம். மகாராஷ்டிர அரசுப் பேருந்துகளில் 75 வயது கடந்தோருக்கு இலவசப் பயணமும் பெண்களுக்குப் பாதிக் கட்டணமும் உண்டு. அவற்றை பெஸ்ட்டுக்கும் விரிவாக்கக் கோரலாம். கூட்டங்களுக்கு வராத முதியவர்களும் வீட்டுப் பெண்களும் இந்த மனுவில் கையெழுத்திட முன்வருவார்கள். ஏனெனில், இது அவர்கள் அன்றாடம் ஏறித் தோற்கும் படிக்கட்டைப் பற்றியது.