கத்தறது பாட்டுக்காரன் இல்லீங்க, மண்டபம்

போன முகூர்த்தத்துல ஒறம்பரைக் கல்யாணம் ஒண்ணு. மேட்டுப்பாளையம் ரோட்டு மேல பளபளன்னு ஒரு மண்டபம். வரவேற்புக்கு மெல்லிசைக் கச்சேரி வெச்சிருந்தாங்க. டிரம்ஸ், கீபோர்டு, பேஸ் கிதார், தபேலா, பாட நாலு பேர். ஆறாவது வரிசையில உட்கார்ந்திருந்த எனக்கு, பாதி நேரம் என்ன பாட்டுன்னே புரியலை. பக்கத்துல இருந்த பெரியவர் காது மிஷினைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். அரை மணி நேரத்துல பாதிச் சனம் பந்திக்குப் போயிருச்சு. பசிச்சுப் போகலை, தப்பிச்சுப் போச்சு.

சென்னையிலிருந்து வந்திருந்த பங்காளி வீட்டுத் தம்பி என் காதுல வாயை வெச்சுக் கத்தினார்: "ஏண்ணா, உங்க ஊர்க்காரங்களுக்குச் சத்தம்னாதான் கொண்டாட்டமா? அந்த சவுண்டுக்காரர்கிட்ட கொஞ்சம் கொறைக்கச் சொல்லக் கூடாதா?"

அவருக்கு அங்கேயே பதில் சொல்ல முடியலை, சொன்னாலும் கேட்டிருக்காது. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணு. சத்தம் எங்களுக்குப் புதுசில்லை. ஜமாப்பு, தவில், நாதஸ்வரம் எல்லாமே பெருஞ்சத்தம்தான். ஆனா அதெல்லாம் கோயில் திடல்லயும் வாசல்லயும் அடிக்கறதுக்குன்னு வந்த வாத்தியம். வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் கொறையும். பிடிக்கலைன்னா நாலு எட்டு தள்ளிப் போய் வேப்பமரத்தடியில உட்கார்ந்துக்கலாம். வாசல்ல தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுக் கல்யாணம் பண்ணினப்ப மேல போன சத்தம் கீற்று இடுக்கு வழியா வெளியே போயிரும், திரும்பி வராது. மைக்செட்டுக்காரர் கூம்பு ஸ்பீக்கர் கட்டினாலும் பாட்டு வரி தெளிவாக் கேட்டுச்சு.

இப்ப அதே சத்தத்தைக் கொண்டுபோய்க் கல்லுப் பொட்டிக்குள்ள அடைச்சிருக்கோம். தரை கிரானைட், செவுரு டைல்ஸ், பக்கவாட்டுல கண்ணாடி, மேல வழவழன்னு கூரை. கிரானைட் மேல விழற சத்தத்துல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பங்குதான் அடங்கும். மிச்சம் அத்தனையும் திரும்பி வரும்.

இதுக்குக் கணக்கு இருக்குங்க. 1895-ல அமெரிக்காவுல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல ஒரு புது வகுப்பறையில பேசறது யாருக்கும் புரியலைன்னு வாலஸ் சபைன்ங்கற வாத்தியார்கிட்ட சரி பண்ணச் சொன்னாங்க. அவர் பக்கத்து அரங்கத்துலயிருந்த மெத்தைகளை ராத்திரியில தூக்கிட்டு வந்து அடுக்கி, சத்தம் அடங்க எத்தனை நொடி ஆகுதுன்னு அளந்து பார்த்தார். அறையோட கொள்ளளவு கூடினா எதிரொலி நீளும், சத்தத்தை விழுங்கற பரப்பு கூடினா சுருங்கும். அவர் கண்டது இவ்வளவுதான்.

நம்ம மண்டபத்துக்குச் சுமாராப் போட்டுப் பாருங்க. 100 அடி நீளம், 60 அடி அகலம், 25 அடி உயரம். உள்பரப்பு மொத்தம் 20,000 சதுர அடி. சராசரியா நூத்துக்கு 5 பங்கு விழுங்குதுன்னு தாராளமா வெச்சாலும், காலி மண்டபத்துல ஒரு சத்தம் முழுசா அடங்க 7 நொடிக்கு மேல ஆகும். 500 பேர் வந்து உட்கார்ந்தா 2 நொடிக்கு இறங்கும், ஏன்னா மனுசன் உடம்பும் துணியும் சத்தத்தை விழுங்கும். மைக் வெச்ச கச்சேரிக்கு 1 நொடியை ஒட்டி இருந்தாத்தான் நல்லா இருக்கும். அதுலயும் சனம் விழுங்கறது மேல் ஸ்தாயியைத்தான். பேஸும் கிக் டிரம்மும் உருண்டுக்கிட்டே இருக்கும்.

"அப்பச் சத்தத்தைக் கூட்டு, பாட்டு கேக்கட்டும்"னு மாப்பிள்ளை வீட்ல ஒருத்தர் ஓடி வருவார். தப்பு அங்கதான். இந்த மாதிரி இடத்துல ஸ்பீக்கரை விட்டு 20 அடி தாண்டினாலே, நேரா வர்ற சத்தத்தைவிட செவுத்துல பட்டு வர்ற சத்தம் அதிகம். வால்யூம் கூட்டினா ரெண்டும் சேர்ந்துதான் கூடும், தெளிவு காப்படி கூடக் கூடாது. பாடறவருக்குத் தன் குரல் கேக்காம மானிட்டரைக் கூட்டச் சொல்வார். டிரம்ஸ்காரர் இன்னும் ஓங்கி அடிப்பார். மைக் 'கூ'ன்னு கத்தும். கடைசியில திட்டு வாங்கறது தினக்கூலிக்கு வயர் இழுத்த பையன்.

சவுண்டுக்காரங்க மேல தப்பே இல்லைன்னு சொல்லலை. ஏற்கெனவே எதிரொலிக்கற இடத்துல மிக்ஸர்ல 'எக்கோ' வேற சேர்க்கறது கொழுப்பு. அதை அணைங்க. பேஸைக் கொறைங்க. ஸ்பீக்கரை உயரத்துல வெச்சு, பின்செவுத்தைப் பாக்காம சனத்தைப் பாக்கற மாதிரி குனிச்சு வைங்க. ரெண்டு மலை மாதிரிப் பொட்டிக்குப் பதிலா, நடுவுல சின்னதா நாலு வெச்சு மெதுவா ஓட்டுங்க. மைக்கை வாய்க்கிட்டப் பிடிக்கச் சொல்லுங்க. காலி மண்டபத்துல கேட்டதை நம்பாம, சனம் வந்த பொறவு இன்னொருக்காச் சரிபாருங்க. இத்தனையும் பண்ணினா நூத்துக்கு முப்பது பழுது தீரும். மிச்சம் எழுபது கட்டினவர் கையில இருக்கு.

கேட்டா மண்டபக்காரர், "கிரானைட்டுன்னாத்தான் கழுவ முடியும்"ங்கறார். நியாயம். தரையை விட்டுருங்க. கூரையில யாரும் சாம்பார் கொட்டப் போறதில்லையே? கூரையில பாதி, 3,000 சதுர அடிக்கு, கண்ணாடி நார் இல்லைன்னா பாறை நார்ப் பலகையைத் துணி போர்த்தி, நல்ல கனமா, கூரையை விட்டுக் கொஞ்சம் இறக்கித் தொங்க விட்டாலே காலி மண்டபமே 2 நொடிக்கு வந்துரும். சனம் நிறைஞ்சா ஒண்ணே கால் நொடி. முட்டை அட்டை ஒட்டற வேலை மட்டும் வேண்டாம். சத்தமும் அடங்காது, தீப்பிடிச்சா அடக்கவும் முடியாது. சரவிளக்குக்கும் முகப்புக்கும் கொட்டற காசுல ஒரு பங்கு இதுக்குப் போதும்.

அரசாங்கம் பாத்துக்கும்னு நினைக்காதீங்க. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள், ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு சொல்லிட்டு, மூடின மண்டபத்துக்கு விலக்குக் குடுத்திருக்கு. உள்ள உட்கார்ந்திருக்கறவன் காதுக்கு அதுல வழியில்லை.

இதுக்கு ஏன் இத்தனை கோவம்னு கேப்பீங்க. மறுநாள் காலையில முகூர்த்தம். எங்க கொங்குக் கல்யாணத்துல மங்கல வாழ்த்துன்னு ஒண்ணு பாடுவாங்க. கம்பர் பாடினதாச் சொல்லுவாங்க. பொண்ணு பாக்கறதுல தொடங்கி, சீர், பந்தல், விருந்துன்னு ஒரு கல்யாணத்தையே வார்த்தையில கட்டி நிறுத்தற பாட்டு. அதுல ராகத்தைவிட வார்த்தைதான் முக்கியம். எங்க அப்பாரு காலத்துல வாசல்ல அதை மைக் இல்லாமலே கேட்டாங்க. அன்னிக்கு மண்டபத்துல, மைக்கைக் குடுத்தும், பாடினவர் வாய் அசைஞ்சது தெரிஞ்சுது, ஒரு வார்த்தை காதுல விழலை. பொடுசுக போனைப் பாத்துட்டு உட்கார்ந்திருந்துச்சுக. "இது எதுக்கு, கட் பண்ணிரலாமே"ன்னு பின்னால ஒரு குரல். கேக்காத பாட்டை அடுத்த தலைமுறை ஏங்க வெச்சுக்கும்?

ஊர்ல கல்யாணம் வெக்க மண்டபம் பாக்க வர்ற டவுன் சனங்களுக்கு ஒரு வேண்டுகோள். கார் நிறுத்த இடம் இருக்கா, ஏசி எத்தனை டன்னுன்னு கேக்கறீங்கல்ல? நடு மண்டபத்துல நின்னு ஓங்கி ஒரு கை தட்டுங்க. அது அடங்கறதுக்குள்ள மூணு எண்ண முடிஞ்சா, அட்வான்ஸைக் கையிலயே வெச்சுக்கிட்டு, "கூரைக்கு ஏதாவது பண்ணுங்க, அடுத்த முகூர்த்தத்துக்கு வர்றோம்"னு சொல்லிட்டு வெளியே வாங்க. பத்துப் பேர் இப்படிச் சொன்னா பதினோராவது ஆளுக்குக் கூரை மாறியிருக்கும்.